கப்பலேறுமா குழந்தை வண்டி?

மூன்று நாள் கடல் பயணம். பத்து கிலோ குழந்தை. ஸ்ட்ரோலரைக் கொண்டுபோவதா, வீட்டிலேயே விட்டுப்போவதா? மும்பைத் தமிழ்க் குடும்பங்களில் ஒரு புது விவாதம்.

ஊருக்குப் போவது எப்படி என்று மும்பைத் தமிழருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தாதரில் ரயில் ஏறியதும் கீழ்ப் படுக்கை பாட்டிக்கு, ஜன்னலோரம் பேரனுக்கு. கைக்குழந்தை இருந்தால் மேல் படுக்கையின் கம்பியில் ஒரு பழைய சேலை தூளியாகத் தொங்கும். ரயிலின் ஆட்டமே தாலாட்டு. குழந்தை வண்டி என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

கப்பல் வேறு விஷயம். சொகுசுக் கப்பல் பயணம் என்பது நெடுங்காலம், சிங்கப்பூர் போய் வந்தவர்கள் சொல்லக் கேட்ட கதை. 2021 செப்டம்பரில் கார்டிலியா நிறுவனத்தின் ‘எம்ப்ரஸ்’ கப்பல் மும்பையிலிருந்து கோவா, லட்சத்தீவு, கொச்சி என்று புறப்படத் தொடங்கியது. 2022 ஜூனில் அதே கப்பல் சென்னையிலிருந்தும் கிளம்பியது. 2025 செப்டம்பரில் மும்பைத் துறைமுகத்தில் பன்னாட்டுச் சொகுசுக் கப்பல் முனையம் திறந்துவைக்கப்பட்டது. செம்பூரிலிருந்து ஈஸ்டர்ன் ஃப்ரீவேயில் ஏறினால் துறைமுகப் பக்கம் இறங்கிவிடலாம். தாத்தா, பாட்டி, மகன், மருமகள், பேரக்குழந்தை என்று மூன்று தலைமுறை சேர்ந்து கப்பலேறுவது இப்போது நடக்கக்கூடிய காரியம். பெட்டி கட்டும்போதுதான் கட்சி பிரிகிறது.

“நாங்களெல்லாம் இடுப்பில் வைத்து வளர்க்கவில்லையா?” என்பது பாட்டி கட்சி. “அந்த இடுப்பு யாருடையது?” என்பது மருமகள் கட்சி. இரண்டிலும் நியாயம் உண்டு.

இடுப்பா, சக்கரமா?

மும்பையின் தரையே பாட்டி கட்சிக்குச் சாதகம். தாராவியில் எதிரே ஒருவர் வந்தால் ஒதுங்கி வழிவிட வேண்டிய சந்துகளில் எந்த வண்டியும் உருளாது. நைன்ட்டி ஃபீட் ரோட்டுக்கு வந்தால் ஆட்டோவும் சரக்கு டெம்போவும் இடம் தராது. மாட்டுங்கா ஸ்டேஷன் அருகே நடைபாதையைப் பூக்கடைகளும் காய்கறிக் கூடைகளும் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஃபைவ் கார்டன்ஸ் பக்கமோ, செம்பூரில் டயமண்ட் கார்டன் பக்கமோ போனால்தான் வண்டியைக் கொஞ்சம் தள்ள முடியும். பரிசாக வந்த ஸ்ட்ரோலர்கள் பல வீடுகளில் பரணில் தூங்குவதற்கு இதுவே காரணம்.

ஆனால் இன்றைய ஸ்ட்ரோலர் பயணத்துக்காகவே பிறந்த பொருள். இங்கிலாந்தில் ஓவன் மெக்லாரன் என்ற விமானப் பொறியாளர், ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் சக்கர அமைப்பில் பணியாற்றியவர். மாஸ்கோவிலிருந்து பேரக்குழந்தையுடன் வந்த மகள் கனமான வண்டியோடு பட்ட அவஸ்தையைப் பார்த்தார். 1965-இல், அலுமினியக் குழாய்களால் குடைபோல மடங்கும் வண்டியை உருவாக்கினார். எடை மூன்று கிலோவுக்கும் குறைவு. கப்பலுக்கு எந்த வண்டி என்ற கேள்விக்கு விடை இந்தக் கதையிலேயே இருக்கிறது: மடங்காத வண்டி பயணத்துக்கு ஆகாது.

கதவும் நடைவழியும்

கப்பலுக்குள் தரை வழவழப்பு. ஒரு தளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடப்பதே சிறு உலாவல். 1990-இல் பிரான்சில் கட்டி முடிக்கப்பட்ட எம்ப்ரஸின் நீளம் ஏறத்தாழ 210 மீட்டர். சாப்பாட்டு அறை ஒரு தளத்தில், நீச்சல் குளம் வேறொரு தளத்தில். நாளுக்கு நாலைந்து முறை அலையும்போது பத்து கிலோ குழந்தை இருபது கிலோவாகிவிடும். மருமகள் கட்சி ஜெயிக்கும் இடம் இது.

தோற்கும் இடம் கேபின். சாதாரண உள் கேபினில் கட்டில்களும் பெட்டிகளும் போக மிச்சமிருப்பது ஆள் நடக்கும் இடம்தான். பல கப்பல்களில் சாதாரண கேபின் கதவின் அகலம் இரண்டு அடிக்குள் அடங்கிவிடுகிறது. இரட்டைக் குழந்தைகள் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் அகல வண்டி உள்ளேயே நுழையாது. முன்பதிவின்போதே கதவின் அகலத்தைக் கேட்டு, வீட்டில் வண்டியை அளந்து பார்த்துவிடுவது நல்லது.

வெளியே நடைவழியில் நிறுத்திவைக்கலாமே என்றால், பெரிய நிறுவனங்கள் பலவும் அதற்குத் தடை விதிக்கின்றன. தீப்பிடித்தால் நூற்றுக்கணக்கானவர்கள் புகையில் தட்டுத்தடுமாறி ஓட வேண்டிய வழி அது. அங்கே ஒரு வண்டி கிடந்தால் ஒருவர் விழுவார். அவர்மேல் பத்துப் பேர் விழுவார்கள்.

இன்னும் இரண்டு விஷயங்கள். திறந்த தளத்துக்குப் போகும் கதவுகளில் தண்ணீரைத் தடுக்க உயர்ந்த வாசற்படி இருக்கலாம். முன்சக்கரத்தைத் தூக்கித்தான் தாண்ட வேண்டும். கப்பல் ஆடும், அதுவும் மழைக்காலத்தை ஒட்டி அரபிக்கடல் கொந்தளிக்கும்போது கேட்கவே வேண்டாம். எனவே வண்டி நின்றால் பிரேக் விழ வேண்டும். அதில் குழந்தையை இரவு முழுதும் தூங்கவிடக் கூடாது. முன்கூட்டிக் கேட்டால் பல கப்பல்களில் தொட்டில்கட்டில் தருகிறார்கள்.

கரை இறங்கினால்

கடலில் உதவிய வண்டி கரையில் காலை வாரலாம். கோவாவில் கப்பல் நிற்பது மர்மகோவா துறைமுகத்தில். அங்கிருந்து எங்கு போனாலும் பஸ், இல்லாவிட்டால் டாக்ஸி. கடற்கரை மணலில் சிறு சக்கரங்கள் புதைந்துவிடும். அப்புறம் குழந்தை ஒரு கையில், வண்டி ஒரு கையில். கொச்சி பரவாயில்லை. ஃபோர்ட் கொச்சியின் சமதளத் தெருக்களில் தள்ளிக்கொண்டே போகலாம்.

லட்சத்தீவுதான் உண்மையான பரீட்சை. பவளப் பாறைகள் சூழ்ந்த தீவை ஒட்டிப் பெரிய கப்பல் போக முடியாது. தள்ளி நின்று, பயணிகளைச் சிறு படகுகளில் மாற்றி அனுப்புவார்கள். படகு மேலும் கீழும் எழும்பும்போது ஏறுகிறவருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கையாவது காலியாக இருக்க வேண்டும். இங்கே பாட்டியின் வைத்தியம்தான் சரி: குழந்தை உடம்போடு இருக்கட்டும். இடுப்பில் அல்ல, மார்போடு வார் போட்டுக் கட்டும் பையில். இரண்டு கையும் காலி.

கை காலியாக இருப்பதன் அருமை ஆபத்தில் தெரியும். 2012 ஜனவரியில் இத்தாலியின் ஜீலியோ தீவருகே ‘கோஸ்டா கன்கார்டியா’ பாறையில் மோதிச் சாய்ந்தபோது 32 பேர் இறந்தார்கள். அன்றுதான் ஏறிய நூற்றுக்கணக்கானோருக்கு அவசரகாலப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. அதன் பிறகு சர்வதேச விதி திருத்தப்பட்டது. 2015 முதல், கப்பல் புறப்படுவதற்கு முன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சி நடந்தாக வேண்டும். அந்தப் பயிற்சிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, மாடிப்படி வழியாகப் போய்ப் பார்ப்பது உத்தமம். அபாய மணி அடித்தால் லிப்ட்டை நம்ப முடியாது. வண்டி கேபினிலேயே கிடக்கட்டும். 24 மணி நேரத்துக்கு மேற்பட்ட கடல் பயணத்தில் ஒவ்வொரு கைக்குழந்தைக்கும் அதன் அளவுக்கேற்ற உயிர்காப்பு அங்கி கப்பலில் இருக்க வேண்டும் என்பதும் சர்வதேச விதி. கேபினில் பெரியவர்கள் அங்கி மட்டும் இருந்தால் ஊழியரிடம் உடனே கேட்டு வாங்கிவிட வேண்டும்.

யாருக்கு எது?

ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளைப் பல கப்பல் நிறுவனங்கள் ஏற்றுவதே இல்லை. நீண்ட கடல் பயணங்களுக்கு ஒரு வயது கேட்பவை உண்டு. ஆகவே கேள்வி ஆறு மாதம் முதல் மூன்று வயது வரைதான். இன்னும் நடக்காத குழந்தைக்கு, துறைமுகம் அதிகமிருந்தால் மார்பில் கட்டும் பையே போதும். ஒன்றரை வயதுக்கு மேல், பகலில் தூங்கும் குழந்தையும் கப்பலிலேயே கழியும் நாட்களும் என்றால், ஒரு கையால் மடங்கும் ஒல்லி வண்டி. லட்சத்தீவு என்றால் இரண்டும். மூன்று வயதுக்காரன் எப்படியும் வண்டியில் உட்கார மாட்டான். அதில் பெரியவர்களின் பைகள்தான் சவாரி போகும்.

வண்டியைப் பெட்டிகளோடு முனையத்தில் ஒப்படைக்காமல் கையோடு வைத்துக்கொள்வது முக்கியம். பெட்டி கேபினுக்கு வந்துசேரச் சில மணி நேரம் ஆகலாம். பால் பவுடர், டயபர், மருந்து, மாற்றுத் துணிக்கும் இதே விதி.

கூட்டுக் குடும்பமாகப் போகிறவர்கள் இன்னொரு கணக்கும் போட வேண்டும். கைகள் எட்டு இருக்கலாம்; ஆனால் மூட்டுவலிக்காரப் பாட்டியின் கையையும் முதுகு பிடித்த தாத்தாவின் கையையும் அதில் சேர்த்தால் கணக்கு தப்பும். மீதி இருப்பது பெற்றோரின் நான்கு கை. அதிலும் இரண்டு கை செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தால், விடுமுறை முழுதும் குழந்தையைச் சுமப்பது தாய் ஒருத்திதான். வீட்டில் சுமந்தது போதாதென்று கடலிலும்.

எனவே வண்டி எடுப்பதா என்று கேட்கும்முன், எந்த நேரத்தில் யார் முறை என்று வீட்டிலேயே பேசிவிடுவது நல்லது. அது முடிவாகிவிட்டால் இடுப்பும் ஒன்றுதான், சக்கரமும் ஒன்றுதான். முடிவாகவில்லை என்றால், எத்தனை விலை உயர்ந்த வண்டியானாலும் தானாக உருளாது.