முதுகுத் தசையால் மார்பகச் சீரமைப்பு: ஆண்டுகள் சென்றபின் பயன் யாது?

புற்றுநோயினால் மார்பகத்தை இழக்கும் பெண்ணுக்கு உயிர் பிழைப்பதே முதற் கவலை. பிழைத்தபின் எழுவது வேறொரு கவலை. இழந்த உறுப்பை மீண்டும் உருவாக்க இயலுமா? அது எத்தனை காலம் நிலைக்கும்? அதன் பொருட்டு உடல் கொடுக்கும் விலை யாது? அறுவை முடிந்த வாரத்தில் இவற்றுக்கு விடை கூற முடியாது. பத்து, இருபது ஆண்டுகள் சென்றபின் காணும் நிலையே உண்மையான விடையாகும். இம்முறைகளுள் பழையதொன்றாகிய முதுகுத் தசை முறையை இங்கு நோக்குவோம்.

முதுகின் கீழ்ப்பகுதியை விசிறிபோல் மூடி, அக்குள் வழியே குறுகிச் சென்று மேற்கை எலும்பில் சேரும் அகன்ற தசை ஒன்று உண்டு. அதற்கு வேண்டிய இரத்தம் முதன்மையாக அக்குளிலுள்ள குழாய் வழியே வருகின்றது. ஆதலின் அக்குழாயைக் காத்துக்கொண்டு, தசையின் மறுமுனையை முதுகிலிருந்து விடுவித்தாலும் தசை சாவதில்லை. மேலுள்ள தோலின் ஒரு பகுதியோடு அதனை அக்குளின் கீழாக முன்னே கொணர்ந்து மார்பில் தைப்பர். வேரைப் பெயர்க்காமல் கொடியை மட்டும் வேறு பந்தலுக்குத் திருப்பிவிடுவது போன்றது இது.

இத்தாலியின் பாவியா நகரப் பேராசிரியர் இஜினியோ தன்சினி 1906-ஆம் ஆண்டில் இம்முறையை வெளியிட்டார். அவர் கருதியது அழகையன்று. மார்பகத்தை அகற்றிய பெரும் புண்ணை மூடுவதையே. அமெரிக்க அறுவை நிபுணர் ஹால்ஸ்டட் இத்தகைய மூடுமுறைகளை ஆதரிக்கவில்லை. அவருடைய செல்வாக்கின்முன் தன்சினியின் முறை மங்கி மறக்கப்பட்டது. 1970-களில் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் அது மீண்டும் உயிர்பெற்று, மார்பகத்தை உருவாக்கும் வழியாக மாறிற்று. இச்சீரமைப்பினால் புற்றுநோய் திரும்பி வருவது மிகுவதில்லை என்பதைப் பிற்காலத்து அனுபவம் காட்டியுள்ளது.

இனி, நீண்டகாலப் பயன். மார்பில் வேரூன்றிய தசை மடல் பெரும்பாலும் ஆயுள் முழுதும் நிலைக்கின்றது. ஆனால் அது சிறிது மெலியும். அதன் நரம்பை வெட்டிவிட்டால் மெலிவு மிகும். வெட்டாது விட்டாலோ, சிலருக்குக் கையை அசைக்கும்போது மார்பும் துடிக்கும். புதிய மார்பில் இயற்கையான தொடு உணர்ச்சி முழுமையாகத் திரும்புவதில்லை.

இத்தசை மெல்லியது. ஆகையால் பலருக்கு அதனடியில் சிலிக்கோன் பை ஒன்றும் வைக்கப்படுகின்றது. உடல் அப்பையைச் சுற்றி ஒரு சவ்வை உண்டாக்கும். சிலரிடம் அச்சவ்வு சுருங்கி இறுக, மார்பு கடினமாகி வலிக்கும். கதிர்ச் சிகிச்சை பெற்றவர்களிடம் இது மிகுதி. சிலிக்கோன் பை வாழ்நாள் முழுதும் உழைக்கும் என்பதற்கில்லை; அதனை மாற்ற மறு அறுவை நேரலாம். ஆகவே, காலப்போக்கில் தளர்வது பெரும்பாலும் உடல் கொடுத்த தசையன்று. வெளியிலிருந்து வைத்த பையே. இதனாலேயே, முதுகுக் கொழுப்பையும் தசையோடு சேர்த்தெடுத்துப் பையைத் தவிர்க்கும் முறை 1980-களில் தோன்றியது.

முதுகு கொடுக்கும் விலையும் உண்டு. தசை எடுத்த இடத்தில் நீர் கோத்துக்கொள்வதே மிகச் சாதாரணமான தொல்லை. அது பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கிவிடும். நீண்ட வடு நிலைக்கும். கையைக் கீழ்நோக்கியும் பின்நோக்கியும் இழுப்பது இத்தசையின் வேலை. அது நீங்கியபின் அண்டைத் தசைகள் அவ்வேலையை ஏற்கின்றன. எனவே பலர் ஓராண்டுக்குள் வீட்டு வேலைகளைத் தடையின்றிச் செய்கின்றனர். எனினும் நீந்துதல், ஏறுதல், துடுப்பு வலித்தல் ஆகியவற்றில் பலக்குறைவு சிலருக்கு நிலையாகவே தங்கிவிடும். ஊன்றுகோலை நம்பி நடப்பவருக்கும், கைப்பலத்தால் பிழைப்பவருக்கும் இது சிறு இழப்பன்று.

இன்று பெரிய மருத்துவமனைகள் பலவற்றில் வயிற்றுத் தோலையும் கொழுப்பையும் கொண்டு செய்யும் முறை முன்னிற்கின்றது. ஆயினும் வயிற்றில் போதிய கொழுப்பில்லாதவர்க்கும், அங்கு முன்னரே அறுவை கண்டவர்க்கும், கதிர்ச் சிகிச்சைக்குப்பின் வெறும் பை பயன்படாது போனவர்க்கும் முதுகுத் தசை இன்னும் நல்ல துணையே.

ஆகவே, 'மார்பு எப்படித் தோன்றும்?' என்று மருத்துவரைக் கேட்பதோடு பெண்கள் நின்றுவிடலாகாது. 'என் கை நாள்தோறும் செய்யும் வேலை இது. பிற்காலத்தில் அதற்கு என்ன நேரும்? பை வைக்க வேண்டுமா? மறு அறுவை வருமா?' என்றும் கேட்டறிதல் வேண்டும். சீரமைப்பை வேண்டாமென்று விடுவதும் அவரவர் உரிமையே. அறிந்து செய்த முடிவே பின்னாளில் மனநிறைவு தரும்.