வாயுப் பிடிப்பு என்று காத்திருக்க வேண்டாம்: மாரடைப்பை அறிவோம்

மாரடைப்புடன் அழைத்து வரப்படுவோரின் குடும்பத்தாரிடம் நாங்கள் முதலில் கேட்பது, "வலி எப்போது தொடங்கியது?" என்பதுதான். "நள்ளிரவில் தொடங்கியது. வாயுப் பிடிப்பு என்று எண்ணிச் சோடா கொடுத்தோம், ஓமத் தண்ணீர் கொடுத்தோம். விடிந்ததும் அழைத்து வந்தோம்" என்ற விடை எங்களுக்குப் புதிதன்று. அந்த இடைவெளியில் இதயத் தசையின் ஒரு பகுதி மீட்க இயலாதபடி அழிந்திருக்கும். எவரையும் குறைகூறுவதற்காக இதனை எழுதவில்லை. அடுத்த முறை அந்த நேரம் வீணாகக் கூடாது என்பதே எங்கள் நோக்கம்.

மாரடைப்பு எவ்வாறு நிகழ்கிறது?

உடல் முழுவதற்கும் இரத்தத்தை அனுப்பும் இதயம், தன் தசைக்குத் தேவையான இரத்தத்தைக் கரோனரி தமனிகள் வழியாகப் பெறுகிறது. இத்தமனிகளின் உட்சுவரில் பல ஆண்டுகளாகக் கொழுப்புப் படிந்து வரும். ஒரு நாள் அப்படிவின் மேலுறை கிழிந்தால், வெட்டுக்காயத்தில் உறைவதைப் போலவே அங்கும் இரத்தம் உறைகிறது. அந்த உறைகட்டி தமனியை அடைத்துவிட்டால், அதற்கு அப்பாலுள்ள தசை ஆக்சிஜன் கிடைக்காமல் மடியத் தொடங்குகிறது. இதுவே மாரடைப்பு. சிறிய படிவும் கிழியக்கூடும் என்பதால், முந்தைய நாள் வரை நலமாக நடமாடியவருக்கும் இது வருகிறது.

மாரடைப்பும் இதயத் துடிப்பு நின்றுபோவதும் ஒன்றல்ல. மாரடைப்பின்போது இதயம் பெரும்பாலும் துடித்துக்கொண்டிருக்கும்; நோயாளி பேசுவார், நடப்பார். ஆயினும் எந்த நேரத்திலும் துடிப்பு தாறுமாறாகி நின்றுவிடலாம். ஆகவே நோயாளி நடந்தோ, தாமே வண்டி ஓட்டியோ மருத்துவமனைக்கு வரலாகாது.

அறிகுறிகள்

நெஞ்சின் நடுவில் பாரம் ஏற்றி வைத்தாற்போன்ற அழுத்தம், இறுக்கம் அல்லது எரிச்சல் தோன்றும். அது இடது கை, தோள், தாடை, முதுகு, மேல்வயிறு ஆகிய இடங்களுக்குப் பரவலாம். குளிர்ந்த வியர்வை, மூச்சுத்திணறல், குமட்டல், தலைச்சுற்றல் ஆகியவை உடன்வரலாம். பெண்கள், முதியோர், நீரிழிவு உள்ளோர் ஆகியோருக்கு வலி குறைவாகவோ, முற்றிலும் இல்லாமலோ இருக்கக்கூடும். காரணமற்ற கடும் சோர்வும் மூச்சுத்திணறலும் மட்டுமே அவர்களிடம் தென்படலாம்.

இது வாயுவா, இதயமா என்பதை வீட்டிலிருந்தபடி எவராலும் உறுதியாகக் கூற இயலாது. ஏப்பம் வந்ததும் வலி சற்றுத் தணிந்தது என்பது இதயம் நலமாக உள்ளது என்பதற்குச் சான்றாகாது. ஈ.சி.ஜி. எடுக்கச் சில நிமிடங்களே ஆகும். முதல் ஈ.சி.ஜி. இயல்பாக இருந்தாலும், அதை மீண்டும் எடுத்துப் பார்ப்பதும் இரத்தத்தில் ட்ரோபோனின் அளவை அறிவதும் தேவைப்படலாம். ஆகவே மருத்துவர் காத்திருக்கச் சொன்னால் பொறுமையுடன் காத்திருங்கள்.

உடனே செய்ய வேண்டியவை

108 ஆம்புலன்ஸை அழையுங்கள். நோயாளியைச் சாய்ந்து அமரச் செய்து, ஆடைகளைத் தளர்த்துங்கள். உண்ணவும் பருகவும் எதுவும் கொடுக்க வேண்டாம். ஆஸ்பிரின் ஒவ்வாமையோ இரத்தக்கசிவுக் கோளாறோ இல்லாதவருக்கு, மருத்துவரின் அல்லது ஆம்புலன்ஸ் பணியாளரின் அறிவுரைப்படி ஆஸ்பிரினை மென்று விழுங்கச் செய்யலாம். நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையைப் பிறரிடமிருந்து வாங்கிக் கொடுக்காதீர்கள். இரத்த அழுத்தம் ஆபத்தான அளவிற்குக் குறையக்கூடும்.

பெரிய மருத்துவமனை தொலைவில் இருந்தால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை நாடுங்கள். தமிழ்நாட்டில் 2023-இல் தொடங்கப்பட்ட 'இதயம் காப்போம்' திட்டத்தின்கீழ், மாரடைப்புக்கான முதல் வேளை மாத்திரைகள் அங்கே வழங்கப்படுகின்றன.

நோயாளி நினைவிழந்து, இயல்பாக மூச்சு விடாமல் இருந்தால், அவருடைய நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து, நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை வேகத்தில், 5 சென்டிமீட்டர் ஆழத்திற்குக் குறையாமல் அழுத்துங்கள். உதவி வரும்வரை நிறுத்தாதீர்கள்.

மருத்துவமனையில்

அடைப்பை விரைந்து திறப்பதே சிகிச்சையின் அடிப்படை. தமனி முழுவதும் அடைபட்டிருந்தால், நோயாளி வந்து சேர்ந்த 90 நிமிடங்களுக்குள் ஆஞ்சியோபிளாஸ்டி செய்து ஸ்டென்ட் பொருத்த முயல்கிறோம். அவ்வசதி உரிய நேரத்தில் கிடைக்காத இடங்களில் உறைகட்டியைக் கரைக்கும் ஊசி மருந்து செலுத்தப்படுகிறது. வலி தொடங்கிய முதல் சில மணி நேரத்தில் அது மிகுந்த பயனளிக்கும். 12 மணி நேரம் கடந்தால் பயன் பெரிதும் குறைந்துவிடும்.

வெளியூரிலுள்ள மகனிடமோ மூத்த உறவினரிடமோ கேட்ட பின்னரே கையொப்பம் இடுவோம் என்று சில குடும்பத்தார் காத்திருக்கின்றனர். அவர்களுடைய அச்சத்தை நாங்கள் அறிவோம். ஐயங்களைத் தயங்காமல் எங்களிடம் கேளுங்கள். ஆனால் முடிவைத் தள்ளிப்போடாதீர்கள். இதய நோய் உள்ளவரின் வீட்டில், அவசர நேரத்தில் முடிவெடுப்பவர் யார் என்பதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

வீடு திரும்பிய பின்

ஸ்டென்ட் அந்த ஓர் அடைப்பைத் திறக்கிறதே தவிர, நோயை அகற்றிவிடுவதில்லை. இரத்தம் உறைவதைத் தடுக்கும் இரு மாத்திரைகளைப் பொதுவாக ஓராண்டு வரை உட்கொள்ள வேண்டியிருக்கும். "உடல் தேறிவிட்டது" என்று அவற்றை நிறுத்தினால் ஸ்டென்ட்டிலேயே இரத்தம் உறைந்து மீண்டும் மாரடைப்பு வரலாம். பல் பிடுங்குவதற்காக நிறுத்துவதாயினும் எங்களைக் கேளுங்கள்.

முதலில் வீட்டிற்குள் சில நிமிடங்கள் நடந்து, வாரந்தோறும் சிறிது சிறிதாக நேரத்தைக் கூட்டி, நாளொன்றுக்கு 30 நிமிட நடையை எட்டலாம். நடக்கும்போது நெஞ்சு வலியோ மூச்சுத்திணறலோ ஏற்பட்டால் நின்றுவிடுங்கள்; ஓய்வெடுத்தும் தணியாவிட்டால் 108-ஐ அழையுங்கள். பணிக்குத் திரும்புதல், வாகனம் ஓட்டுதல், தாம்பத்திய உறவு ஆகியவை பற்றி வெளிப்படையாகக் கேளுங்கள், கூச்சம் வேண்டாம்.

அச்சமும் மனச்சோர்வும் இந்நாட்களில் பலருக்கும் வருவன. உறக்கமின்மையும் பற்றின்மையும் இரு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் தெரிவியுங்கள். குடும்பத்தாரும் நோயாளியை எந்நேரமும் படுக்கையிலேயே இருத்திவிட வேண்டாம். அவரால் இயன்றதைச் செய்ய விடுவதும் அன்பேயாகும்.

வருமுன் காப்போம்

புகைப்பதையும் புகையிலை மெல்லுவதையும் முற்றிலும் கைவிடுங்கள். இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றை முறையாகச் சோதித்துக் கட்டுப்பாட்டில் வையுங்கள். நாளொன்றுக்கு உப்பு 5 கிராமிற்குள், அதாவது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டிக்குள் இருக்கட்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றில் மறைந்துள்ள உப்பும் இக்கணக்கில் அடங்கும். தந்தைக்கோ சகோதரருக்கோ 55 வயதிற்குள், தாய்க்கோ சகோதரிக்கோ 65 வயதிற்குள் மாரடைப்பு வந்திருந்தால், உங்களுக்கும் ஆபத்து கூடுதல் என்பதை உணர்ந்து இன்றே பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

இன்றே ஒரு தாளில் 108 என்ற எண்ணையும், உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலையும் எழுதி, அனைவர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டி வையுங்கள். நெஞ்சு வலி வந்தால் மணியைப் பாருங்கள், நேரத்தைக் குறியுங்கள், உடனே புறப்படுங்கள். வந்தது வாயுதான் என்று தெரியவந்தால் எங்களுக்கும் மகிழ்ச்சியே. வீணாக வந்தீர்கள் என்று நாங்கள் ஒருபோதும் கூற மாட்டோம்.