99-ல் நின்ற வட்டம்: வெப் ஆப்பில் ஒரு புரோக்ரஸ் இண்டிகேட்டர் செய்வது எப்படி?

(இது எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் வெட்டியிருக்கிறோம்.)

இன்னைக்கு எடுத்துக்கிட்டது ரொம்பச் சின்ன விஷயம். ஒரு ஃபைலை அப்லோட் பண்ணும்போது திரையில் ஒரு வட்டம் மெல்ல மெல்ல நிரம்பும், நடுவுல 65% என்று எண் ஓடும், பாத்திருப்பீங்க. அதை நம்ம வெப் ஆப்பில் நாமே எப்படிச் செய்வது, நிறம், அளவு, தடிமன் எல்லாம் நம்ம இஷ்டத்துக்கு மாத்துற மாதிரி எப்படி வைப்பது என்பதுதான் இந்த எபிசோட்.

அதுக்கு முன்னாடி ஒரு சொந்தக் கதை. நான் வேலைக்குச் சேர்ந்த புதுசு. ஒரு விண்ணப்பத் தளத்துக்கு அப்லோட் பக்கம் செய்யும் வேலை என்கிட்ட வந்தது. வட்டம் அழகா இருக்கணும்னு மெனக்கெட்டேன். ஆனா அது உள்ளே என்ன காட்டுதுன்னு யோசிக்கலை. ஒரு டைமர் வெச்சேன். பத்து விநாடியில் 99 வரைக்கும் ஓடும், சர்வரிலிருந்து பதில் வந்ததும் 100 ஆகும். ஆபீஸ் வைஃபையில் எல்லாமே பளிச்சுன்னு முடிஞ்சது. டெமோவில் கைதட்டல் கூட கிடைச்சது.

கடைசித் தேதி அன்னைக்கு ராத்திரி தென்காசியிலிருந்து என் சித்தி பையன் போன் பண்ணினான். "அண்ணே, ஒரு சர்டிஃபிகேட் ஏத்தணும். 99-ல போயி நின்னுக்கிடுது. மூணு தடவ ரெஃப்ரெஷ் பண்ணிட்டேன். இந்த சைட்ட எவன் செஞ்சான்னு தெரியுமா?" எவன் செஞ்சான்னு எனக்குத் தெரியும்! ஃபைல் 8 எம்பி, மொபைல் ஹாட்ஸ்பாட், சிக்னல் ஒரு கோடு. உண்மையில் அப்லோட் நடந்துகிட்டுதான் இருந்தது. ஆனா வட்டம் 99 காட்டினதால, மாட்டிக்கிச்சுன்னு நினைச்சு அவனே மூணு தடவையும் அதை முதல்லயிருந்து ஆரம்பிச்சிருக்கான். "எதையும் தொடாம அப்படியே விடு"ன்னு சொன்னேன். 11:40-க்குப் போய்ச் சேர்ந்தது. அவனுக்குக் கேக்க ஒரு அண்ணன் இருந்தான். அண்ணன் இல்லாதவங்க என்ன செஞ்சிருப்பாங்க என்ற கேள்வி எனக்கு இன்னும் போகலை.

சரி, வேலைக்கு வருவோம்.

வட்டம் வரைவது

இதுக்கு லைப்ரரி எதுவும் தேவையில்லை. எஸ்விஜி போதும். வியூபாக்ஸை 100-க்கு 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் இரண்டு சர்க்கிள். ஒன்று பின்னால் இருக்கும் மங்கலான பாதை, இன்னொன்று அதன்மேல் நிரம்பும் வட்டம். இரண்டுக்கும் மையம் 50, 50. இரண்டுக்கும் ஃபில் வேண்டாம், ஸ்ட்ரோக் மட்டும்.

ஆரம் எவ்வளவு? இங்கதான் நிறைய பேர் வழுக்குவாங்க. 50 என்று வைத்தால் ஓரம் வெட்டுப்படும். ஸ்ட்ரோக் என்பது கோட்டுக்கு உள்ளே பாதி, வெளியே பாதி என்று விழும். அதனால் தடிமன் 10 என்றால் ஆரம் 45. சூத்திரமாகச் சொன்னால், நூறிலிருந்து தடிமனைக் கழித்து இரண்டால் வகுக்க வேண்டும்.

நிரப்பும் தந்திரம்

உண்மையில் வட்டம் நிரம்புவதே இல்லை. அது புள்ளிக்கோடு போடும் வசதியை வைத்து செய்யும் ஒரு கண்கட்டு வித்தை. ஸ்ட்ரோக்-டேஷ்அரே என்ற பண்பு, கோட்டில் ஒவ்வொரு துண்டும் எவ்வளவு நீளம் என்று சொல்லும். அந்தத் துண்டின் நீளத்தை வட்டத்தின் முழுச் சுற்றளவாகவே வைத்துவிட்டால், ஒரே துண்டு முழு வட்டத்தையும் மூடிவிடும். பிறகு ஸ்ட்ரோக்-டேஷ்ஆஃப்செட் மூலம் அந்தத் துண்டைப் பின்னுக்கு நகர்த்தினால் அந்த அளவுக்கு வட்டம் காலியாகத் தெரியும்.

கணக்கு பள்ளிக்கூடத்துல படிச்சதுதான், ரெண்டு பை ஆர். ஆரம் 45 என்றால் சுற்றளவு சுமார் 282.74. 65% காட்ட வேண்டுமானால் மீதி 35 சதவீதத்தை மறைக்க வேண்டும். 282.74-ஐ 0.35-ஆல் பெருக்கினால் சுமார் 98.96. அதுதான் ஆஃப்செட்.

இந்தக் கணக்கே வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. சர்க்கிளில் பாத்லெங்த் என்ற பண்பை 100 என்று கொடுங்கள். பிரௌசர் அந்த வட்டத்தின் நீளத்தை 100 என்றே எடுத்துக்கொள்ளும். டேஷ்அரே 100, ஆஃப்செட் என்பது நூறிலிருந்து சதவீதத்தைக் கழித்தது. அவ்வளவுதான். தடிமனை மாற்றும்போது ஆரம் மாறினாலும் இந்தக் கணக்கு மாறாது.

இன்னும் ரெண்டு விஷயம். வட்டம் கடிகாரத்தில் 3 இருக்கும் இடத்திலிருந்து தொடங்கும். நமக்கு 12-லிருந்து வேண்டும் என்பதால் எஸ்விஜியை மைனஸ் 90 டிகிரி திருப்ப வேண்டும். அடுத்து, கோட்டின் முனை உருண்டையாக இருக்க லைன்கேப்பை ரவுண்ட் என்று வைத்தால், 0% இருக்கும்போதே ஒரு சின்னப் புள்ளி தெரியக்கூடும். பூஜ்ஜியத்தில் மேல் வட்டத்தை மறைத்துவிடுங்கள்.

நம்ம இஷ்டத்துக்கு மாற்ற

அளவு, நிறம், பாதையின் நிறம் ஆகியவற்றை சிஎஸ்எஸ் வேரியபிள்களாக வெளியே எடுத்து வையுங்கள். பட்டனுக்குள் 20 பிக்சல் வட்டம், பக்கத்தின் நடுவில் 160 பிக்சல் வட்டம், இரண்டுக்கும் ஒரே காம்போனென்ட் போதும். டார்க் மோடுக்கு வேரியபிள் மதிப்பை மட்டும் மாற்றலாம். தடிமன் மட்டும் ஆரத்தோடு சேர்ந்தது என்பதால் இரண்டையும் ஜாவாஸ்கிரிப்டில் ஒன்றாகக் கணக்கிடுவது நல்லது.

நிறம் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். டபிள்யூசிஏஜி 2.1 விதிப்படி, பொருள் புரிய அவசியமான வரைகலைப் பகுதிகளுக்குப் பக்கத்து நிறத்தோடு குறைந்தது 3-க்கு 1 கான்ட்ராஸ்ட் வேண்டும். வெளிர் சாம்பல்மேல் வெளிர் நீலம் டிசைனில் அழகா இருக்கும், வெயிலில் பஸ் ஸ்டாப்பில் நின்னு பாத்தா ஒண்ணும் தெரியாது.

நடுவில் எண் மட்டும் போடுங்கள். 'பதிவேற்றப்படுகிறது' என்று தமிழில் எழுதினால் சின்ன வட்டத்துக்குள் அடங்காது, அதை வட்டத்துக்குக் கீழே வையுங்கள். எண்கள் ஓடும்போது இடம் வலம் ஆடாமல் இருக்க டேபுலர்-நம்ஸ் என்ற சிஎஸ்எஸ் மதிப்பு உதவும்.

வட்டம் உண்மை சொல்லணும்

இப்போ என் தப்புக்கு வர்றேன். உண்மையான எண் எங்கிருந்து கிடைக்கும்? எக்ஸ்எம்எல்எச்டிடிபிரிக்வெஸ்ட்டில் அப்லோடுக்கென்றே ஒரு புரோக்ரஸ் ஈவென்ட் இருக்கிறது. அனுப்பிய பைட் எவ்வளவு, மொத்தம் எவ்வளவு என்று இரண்டு எண் தரும். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் சதவீதம். புதுசா எழுதுறவங்க ஃபெட்ச் பயன்படுத்துவீங்க. அதில் இப்படி ஒரு அப்லோட் புரோக்ரஸ் ஈவென்ட் கிடையாது. அந்த ஒரு இடத்துக்குப் பழைய வழியே சரி.

எண் 100 ஆனாலும் வேலை முடிந்தது என்று அர்த்தமில்லை. பைட்டுகள் போய்விட்டன, அவ்வளவுதான். சர்வர் இன்னும் ஃபைலைச் சரிபார்த்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் எண்ணை எடுத்துவிட்டு, கால் வட்டம் சுழல்கிற மாதிரி மாற்றி, கீழே 'சரிபார்க்கிறோம், பக்கத்தை மூட வேண்டாம்' என்று எழுதுங்கள். எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரியாதபோது எண் காட்டக் கூடாது.

இது வெறும் என் குற்ற உணர்ச்சி இல்லை. சதவீதம் காட்டும் இண்டிகேட்டர்கள் பயனருக்கு ஏன் முக்கியம் என்று பிராட் மையர்ஸ் 1985-லேயே ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார். ஜேகப் நீல்சன் 1993-ல் வந்த தன் புத்தகத்தில் மூன்று எல்லைகள் சொன்னார். 0.1 விநாடிக்குள் பதில் வந்தால் உடனே நடந்த மாதிரி இருக்கும், 1 விநாடி வரை யோசனை அறுபடாது, 10 விநாடிதான் கவனம் நிற்கும் எல்லை. அதைத் தாண்டும் வேலைக்குச் சதவீதம் காட்டுங்கள் என்பது அவர் அறிவுரை. அரை விநாடியில் முடியும் வேலைக்கு வட்டமே வேண்டாம், சும்மா மின்னி மறைஞ்சு கண்ணை உறுத்தும்.

பார்க்க முடியாதவர்களுக்கும்

ஸ்கிரீன் ரீடருக்கு இந்த வட்டம் வெறும் படம். அதனால் ரோல் என்ற இடத்தில் புரோக்ரஸ்பார் என்று கொடுத்து, ஏரியா-வேல்யூநவ், வேல்யூமின், வேல்யூமேக்ஸ் மூன்றையும் நிரப்புங்கள். என்ன ஏறுகிறது என்று ஏரியா-லேபிளில் சொல்லுங்கள். எண் தெரியாமல் சுழலும் நிலையில் வேல்யூநவ்-ஐ எடுத்துவிட வேண்டும். சுழல்வதைப் பார்த்தால் சிலருக்குத் தலைசுற்றும். அவர்கள் போனில் அசைவைக் குறைத்து வைத்திருப்பார்கள். பிரிஃபர்ஸ்-ரெட்யூஸ்டு-மோஷன் என்ற மீடியா குவெரி வைத்து, அவர்களுக்குச் சுழற்சியை நிறுத்தி எழுத்தை மட்டும் காட்டுங்கள்.

செஞ்சு முடிச்சதும் பிரௌசர் டெவ்டூல்ஸில் நெட்வொர்க் வேகத்தை 3ஜி-க்குக் குறைச்சு, 8 எம்பி ஃபைல் ஒண்ணை ஏத்திப் பாருங்க. நான் அன்னைக்கு அந்த ஒரு சோதனையைச் செஞ்சிருந்தா என் சித்தி பையன் மூணு தடவை ரெஃப்ரெஷ் பண்ணியிருக்க மாட்டான்.

அவனுக்கு அந்த சைட்டை எவன் செஞ்சான்னு நான் இன்னும் சொல்லலை. இந்த எபிசோடைக் கேட்டுட்டான்னா போன் வரும். வந்தா அடுத்த எபிசோடில் சொல்றேன்.