சரக்கு மாஸ்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி

கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையப் பக்கம் ஒரு மெஸ். மதியம் ஒன்றரை மணி, இலை போட்டாகிவிட்டது. கோதுமை ஒத்துக்கொள்ளாத ஒருவர் சப்ளையரிடம், "தம்பி, சாம்பார்ல கோதுமை ஏதாச்சும் சேர்க்கிறீங்களா?" என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "சாம்பார்ல எதுக்கு சார் கோதுமை? அதெல்லாம் இல்ல" என்றுதான் பதில் வரும். அந்தப் பையன் பொய் சொல்லவில்லை. துவரம்பருப்பு, புளி, காய், மிளகாய்த்தூள், மல்லித்தூள் என்று அவனுக்குத் தெரிந்த எதிலும் கோதுமை கிடையாது. ஆனால் தாளிப்பில் ஒரு கரண்டி பெருங்காயத்தூள் விழுந்திருக்கும். ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கமிருந்து வரும் அசல் பெருங்காயப் பிசின் மிகக் கடுமையான சரக்கு. அதை அப்படியே யாரும் சாம்பாரில் போடுவதில்லை. கோந்தும் மாவும் கூட்டி, வீரியத்தைக் குறைத்துத்தான் கட்டியாகவும் தூளாகவும் விற்கிறார்கள். அந்த மாவு பெரும்பாலும் மைதா. சில கம்பெனிகள் அரிசி மாவு சேர்க்கின்றன. டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும்.

ஓட்டலில் சாப்பிட்டு அவதிப்படுகிறவர்களின் சிக்கல் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. அவர்கள் நோயின் பெயரையோ சத்தின் பெயரையோ சொல்லிக் கேட்கிறார்கள், சமையல்கட்டில் இருப்பவர்களோ சரக்கின் பெயரைத்தான் அறிவார்கள். "குளூட்டன் இருக்கா" என்று கோதுமைப் புரதத்தின் பெயரைச் சொன்னால் விழிப்பார்கள், "கோதுமை இருக்கா" என்றால் இல்லை என்பார்கள், "என்ன பெருங்காயம் போடுறீங்க, டப்பாவைக் கொஞ்சம் காட்டுறீங்களா" என்றால் எடுத்துக் காட்டுவார்கள். சாப்பிடுகிறவர் பதார்த்தம் பதார்த்தமாக அதன் செய்முறையைத் தெரிந்துகொண்டு, சரக்கின் பெயரைச் சொல்லி, சமைக்கிறவரிடமே கேட்டால், லேபிள் ஒட்டாத நம் ஊர் ஓட்டல்களிலும் பெரும்பாலும் நிம்மதியாகச் சாப்பிடலாம் என்பதுதான் என் கட்சி. அதற்கு முன் தனக்கு எது ஒத்துக்கொள்ளவில்லை என்பது சாப்பிடுகிறவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும். நம்மில் பலர் சறுக்குவது அதில்தான்.

பாலை எடுத்துக்கொள்வோம். பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்கும் லாக்டேஸ் நொதி, தாய்ப்பால் மறந்த பிறகு மெல்லக் குறைந்துகொண்டே போவது மனித உடம்பின் இயல்பு. உலகில் வளர்ந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு அது குறைந்துதான் இருக்கிறது. இந்தியாவிலும் வடமேற்கிலிருந்து தெற்கே வர வர, பெரியவர்களான பின்னும் பாலைச் செரிக்கவைக்கும் மரபணு அருகிப்போகிறது. ஆகவே பால் குடித்தால் வயிறு உப்புகிறது என்று சொல்லும் தமிழரை நோயாளி என்பதே சரியில்லை. இதில் கவனிக்க வேண்டியது அளவு. லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாதவர்களில் பலர், ஒரு நேரத்துக்குச் சுமார் 12 கிராம் வரை பெரிய தொந்தரவில்லாமல் தாங்குகிறார்கள். நூறு மில்லி பாலில் 5 கிராம் அளவுக்கு லாக்டோஸ் இருக்கும். ஒரு டம்ளர் காபி தாங்கும், காபிக்கு முன்னால் பாயசமும் பால்கோவாவும் போயிருந்தால் தாங்காது. தயிரில் உள்ள நுண்ணுயிர்கள் லாக்டோஸில் ஒரு பகுதியைத் தாங்களே தின்றுவிடுவதோடு, மிச்சத்தைக் குடலில் செரிக்கவும் உதவுகின்றன. நெய்யில் லாக்டோஸ் இல்லாத குறைதான். ஆகவே பால் சேராது என்பதற்காகக் கடைசிச் சோற்றுக்கு மோரையும் பொங்கலுக்கு நெய்யையும் தள்ளிவைப்பவர் தேவையில்லாமல் தன்னை வருத்திக்கொள்கிறார். பாலில் உள்ள புரதத்துக்கு அலர்ஜி உள்ளவர் கதை வேறு. அவருக்கு நெய், மோர் எதுவும் ஆகாது, அளவுக் கணக்கும் செல்லாது.

கோதுமைக் கணக்கு இன்னும் நுணுக்கமானது. குளூட்டனால் குடலின் உட்சுவரே சேதமாகும் செலியாக் நோயைப் பற்றி நாட்டின் மூன்று பகுதிகளில் நடத்திய ஆய்வு ஒன்று 2016-ல் வெளியானது. அந்த நோய்க்கு இடம்கொடுக்கும் மரபணு வடக்கு, வடகிழக்கு, தெற்கு மூன்றிலும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில்தான் இருந்தது. அந்த நோய்க்கு அடையாளமான எதிர்ப்புப் புரதம் ரத்தத்தில் இருந்தது மட்டும் வடக்கில் நூற்றில் ஒருவருக்கு மேல், தெற்கில் ஆயிரத்தில் ஒருவருக்கு. வடக்கில் ஆள் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 455 கிராம் கோதுமை, தெற்கில் 25 கிராம் என்ற வேறுபாட்டோடு இதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். சேலம்–உளுந்தூர்பேட்டை சாலை நெடுக இரவில் எரியும் பரோட்டாக் கல்லைப் பார்க்கிற எவருக்கும், அந்த 25 கிராம் இன்னும் 25 கிராமாகவே இருக்குமா என்ற சந்தேகம் வரும்.

அந்தப் பெருங்காயம் எவ்வளவு ஆபத்து? பத்து லிட்டர் சாம்பாருக்கு 5 கிராம் தூள், அதில் பாதி மைதா, மைதாவில் பத்தில் ஒரு பங்கு குளூட்டன் என்று தோராயமாக வைத்துக்கொள்வோம். 200 மில்லி சாம்பாரில் 5 மில்லிகிராம் குளூட்டன் வரும். நாளுக்கு 10 மில்லிகிராமுக்குள் இருந்தால் செலியாக் நோயாளிகளில் பெரும்பாலோருக்குத் தீங்கில்லை என்பது பரவலான மருத்துவக் கருத்து. நாள்தோறும் 50 மில்லிகிராம் வீதம் மூன்று மாதம் போனால் குடல் கெடுவது சோதனையில் தெரிந்திருக்கிறது. ஒரு வேளைச் சாம்பாரில் பாதி வரம்பு தீர்ந்துவிடுகிறது, கூடவே ரசமும் இட்லிப்பொடியும் வந்தால் வரம்பு தாண்டும். இதைவிடப் பெரிய ஆபத்து தோசைக்கல்லில் இருக்கிறது. மாலையில் பரோட்டா போடும் கடைகளில் மேடை முழுக்க மைதா படிந்திருக்கும். வீச்சுப் பரோட்டா எடுத்த அதே கல்லை விளக்குமாற்றுக் கட்டையால் ஒரு தள்ளு தள்ளி, தண்ணீர் தெளித்து, தோசை ஊற்றுவார்கள். அரிசி மாவுத் தோசைதான், ஆனால் அடியில் ஒட்டியிருப்பது மைதா. ரவா தோசையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், ரவையும் கோதுமை, மொறுமொறுப்புக்குச் சேர்க்கும் மைதாவும் கோதுமை. காலை டிபன் நேரத்தில், பரோட்டா அடுப்பு பற்றவைக்காத கடையில், ஆவியில் வெந்த இட்லியும் தேங்காய்ச் சட்னியும் கேட்பவர் ஏமாறும் வாய்ப்பு குறைவு.

இதெல்லாம் இப்போது வந்த பாஷன், நம் தாத்தாக்களுக்கு எந்த ஒவ்வாமையும் இல்லை என்பார்கள். அதில் பாதி உண்மை. சோதனை எதுவும் செய்துகொள்ளாமல், எங்கோ கேட்டதை வைத்துச் சப்பாத்தியை விட்டவர்கள் நிறைய. நார்வேயில் 59 பேரை வைத்து நடத்தி 2018-ல் வெளியான ஆய்வில், கோதுமை ஒத்துக்கொள்ளவில்லை என்று தாங்களே முடிவுகட்டியிருந்தவர்களுக்குக் குளூட்டனையும் ப்ரக்டான் என்ற கார்போஹைட்ரேட்டையும் எது எது என்று சொல்லாமல் கொடுத்துப் பார்த்தார்கள். வயிற்றைக் கூடுதலாகக் கலக்கியது ப்ரக்டான்தான். அந்த ப்ரக்டான் கோதுமையில் மட்டும் இல்லை, வெங்காயத்திலும் பூண்டிலும் தாராளமாக இருக்கிறது. ஆகச் சப்பாத்தியை விட்டுவிட்டுச் சின்ன வெங்காயச் சாம்பாரை இரண்டு கரண்டி கூடுதலாக ஊற்றிக்கொள்பவர், விலக்கியும் பயனில்லாமல் அவதிப்படுகிறார். வெங்காயத்தைப் பொறுக்கி இலை ஓரத்தில் ஒதுக்கினாலும் தப்ப முடியாது, ப்ரக்டான் தண்ணீரில் கரைந்து குழம்பில் இறங்கியிருக்கும். எண்ணெயில் அது கரையாது. செலியாக் நோயா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனையில் இன்னொரு கண்ணி உண்டு. கோதுமையைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அதைச் செய்ய வேண்டும். மாதக்கணக்கில் நிறுத்திவிட்டுப் போனால், நோய் இருந்தாலும் இல்லை என்று காட்டக்கூடும். தாத்தா காலத்தைப் பொறுத்தவரை, அவர் சாப்பிட்டது சாமையும் கேழ்வரகும் சோறும். பரோட்டா இல்லாத இலையில் கோதுமை ஒத்துக்கொள்ளாதது எப்படித் தெரிந்திருக்கும்?

படித்தவர்கள் சொல்லும் மறுப்பு இன்னொன்று. வாய்வார்த்தையை எப்படி நம்புவது, சட்டப்படி எழுதி ஒட்டட்டும் என்பார்கள். சட்டம் இருக்கத்தான் இருக்கிறது. மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ம் ஆண்டு லேபிள் விதிகள், குளூட்டன் உள்ள தானியம், பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை, நிலக்கடலையும் பிற கொட்டைகளும், சோயா, சல்பைட் ஆகியவை பற்றிய தகவலை உணவகங்கள் தர வேண்டும் என்கின்றன. ஆனால் அது மத்திய உரிமம் பெற்ற உணவகங்களுக்கும், பத்து இடங்களிலோ அதற்கு மேலோ கிளை உள்ளவற்றுக்கும்தான். சின்னசேலத்து மெஸ்ஸும் சங்கராபுரத்து டிபன் கடையும் அந்த வரையறைக்குள் வராது. பிரிட்டனில் 2014 டிசம்பரிலிருந்து 14 பொருட்களுக்கு இந்தக் கட்டாயம் உண்டு, லண்டனில் நம்மவர்கள் நடத்தும் தோசைக்கடைக்கும் சேர்த்துத்தான். அந்தச் சட்டமும் உடனுக்குடன் சமைத்துப் பரிமாறும் உணவுக்கு வாயால் சொன்னால் போதும், "எங்களிடம் கேளுங்கள்" என்று எழுதி வைத்தால் சரி என்றுதான் விட்டிருக்கிறது. சொல்கிறவருக்கு விவரம் தெரிந்திருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. இங்கே மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறை அப்படி ஒன்றை எளிதாகச் செய்யலாம். சமையல்காரர்களுக்கு நடத்தும் சான்றிதழ்ப் பயிற்சியில் பெருங்காயம், பரோட்டா மாவில் போகும் முட்டையும் பாலும், சால்னாவைக் கெட்டியாக்கும் நிலக்கடலை, குருமாவில் அரைத்த முந்திரி என்று நாலு சரக்கைச் சொல்லிக்கொடுத்தால் பத்துப் பக்கப் பட்டியலைவிட உதவும்.

கூட்ட நேரத்தில் இப்படிக் குடைந்து கேட்டால் சப்ளையர் எரிச்சல்படமாட்டாரா? படுவார், படுவதில் நியாயமும் உண்டு. அதனால்தான் ஆளும் நேரமும் முக்கியம். பதினொன்றரை மணிக்குக் கல்லாவில் இருப்பவரிடம், "அண்ணே, சரக்கு மாஸ்டரை ஒரு நிமிஷம் பார்க்கலாமா" என்று கேட்டால் எவரும் முகம் சுளிக்க மாட்டார். தன் கைப்பக்குவத்தைப் பற்றி ஒருவர் விசாரிப்பது மாஸ்டருக்கும் பெருமைதான். போதாததற்கு நம் இலைச்சாப்பாட்டு முறையே இத்தகையவர்களுக்குத் தோதானது. ஆளுக்கொரு புது இலை, பழைய தட்டின் மிச்சம் ஒட்டுவதில்லை. சோறு வேறு, குழம்பு வேறு, கூட்டு வேறாக வருகிறது. வேண்டாததற்குக் கையை மறைத்தால் அடுத்தவருக்குப் போய்விடுகிறது. ஒரே வாளியில் கரண்டி மாறிவிடாமல் மட்டும் கண் வைக்க வேண்டும். கலந்து வைத்த சாதமும் பிரைடு ரைஸும் கிடைக்கும் கடையில் இந்த வசதி எதுவும் இல்லை.

கச்சிராயபாளையம் தாண்டிக் கல்வராயன் மலை ஏறினால் கணக்கு மாறுகிறது. மலையாளிப் பழங்குடிகளின் பழைய சாப்பாடான சாமைச்சோறு, தினை, கேழ்வரகுக் களி எதிலும் குளூட்டன் கிடையாது. வெள்ளிமலையிலோ கரியாலூரிலோ சின்னச் சாப்பாட்டுக் கடை என்றால், சமைக்கிற அக்காவே பரிமாறுவார், சரக்கு பத்துக்குள் அடங்கும், கேட்ட கேள்விக்குக் கையோடு பதில் கிடைக்கும். ஆனால் சிறுதானியம் என்றாலே கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடலாம் என்பது சரியில்லை. கேழ்வரகு மாவு மில்லில் அரைபடுகிறது, அதற்கு முன் அதே மிஷினில் யாருடைய கோதுமை அரைபட்டதோ தெரியாது. அரிசி அரைத்த பிறகு அரைத்ததா என்று கேட்பது அசட்டுக் கேள்வி இல்லை. சமவெளி ஓட்டல்களில் சிறுதானிய தோசை என்று போர்டு வைத்து, பிசுபிசுப்புக்கு மைதாவோ கோதுமை மாவோ கலப்பதும் உண்டு. குளூட்டன் இல்லாத உணவு என்று லேபிள் ஒட்ட, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது இந்திய விதி. எந்த மில்லும் அதை அளந்து பார்ப்பதில்லை.

நிலக்கடலை, முட்டை, இறால் என்று உயிருக்கே ஆபத்தான அலர்ஜி உள்ளவர்களுக்கு மட்டும் மேலே சொன்ன எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். வயிற்று உப்புசத்தை வைத்துப் பேசும் கணக்கு, மூச்சுக்குழல் அடைத்துக்கொள்ளும் ஆளுக்குப் பொருந்தாது. வெளிநாடுகளில் பையில் வைத்துக்கொள்ளும் அட்ரினலின் பேனா இந்தியாவில் எளிதில் கிடைப்பதில்லை. வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வளைவு வளைவாக மலைப்பாதை இறங்கி வந்தாக வேண்டும். அவர்கள் மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்தோடு கட்டுச்சோறும் கட்டிக்கொண்டு மலையேறுவதே புத்திசாலித்தனம். அவ்வளவு கடுமை இல்லாத பால் அலர்ஜிக்காரர் டீக்கடையில் வரக்காப்பி வாங்கலாம், பால் டீ குடித்த கிளாஸை முக்கி எடுக்கும் அதே வாளியில் கழுவிய கிளாஸில் ஊற்றவிடாமல், தன் டம்ளரை நீட்டினால்.