மழையில் மறையும் படம்

மழை வலுத்ததும் உங்கள் வீட்டுத் தொலைக்காட்சிப் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடுகிறதா? குற்றம் முழுவதும் மழையினுடையதன்று. ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்துச் செயற்கைக்கோளிலிருந்து டிஷ்ஷுக்கு வரும் அலையின் நீளம் சுமார் 2.5 சென்டிமீட்டர். மழைத்துளிகள் அதை உறிஞ்சும், சிதறடிக்கும்.

பழைய அனலாக் முறையில் அலை வலுக்குறைந்தால் திரையில் புள்ளிகள் பெருகும், அதுவே எச்சரிக்கை. டிஜிட்டலிலோ சிறு பிழைகளைச் செட்டாப் பெட்டியே திருத்திக்கொள்கிறது. திருத்தும் எல்லையைப் பிழைகள் தாண்டினால் படமே போய்விடும். ஆகவே டிஷ் சற்றே திரும்பியிருந்தாலும் வெயில் நாளில் படம் பளிச்சென்றுதான் தெரியும். அதை நம்பாதீர்கள்! தெளிந்த நாளில் பெட்டி காட்டும் சிக்னல் தர எண்ணைக் குறித்து வையுங்கள். பின்னொரு தெளிந்த நாளில் அது குறைந்திருந்தால் டிஷ் நகர்ந்திருக்கலாம், மரக்கிளை மறைக்கலாம், கேபிள் இணைப்பில் நீர் புகுந்திருக்கலாம். மாடி ஏறிப் பார்ப்பது மழை விட்ட பிறகு, பெரியவர் துணையோடு.