ஓகேயு அட்டை மட்டும் போதாது

பாசிர் கூடாங், மாசாய் வட்டாரத்தில் அடிக்கடி நடப்பது இது. "தானே சாப்பிடுவானா?" என்று டாக்டர் கேட்டதும், "எல்லாம் செய்வான் டாக்டர்" என்கிறார் ஆட்டிசம் உள்ள பிள்ளையின் அம்மா. வீட்டில் ஊட்டிவிடுவது அவர்தான். மானத்துக்குப் பயந்து சொன்னது தாளில் ஏறிவிடும்; நாளை உதவி கேட்டுப் போனால் அந்தத் தாளே குறுக்கே நிற்கும்.

மலேசியாவின் 2008-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி, மாற்றுத்திறனாளியாகப் பதிவது கட்டாயமல்ல. அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள், சமூகநல இலாகாவின் மாற்றுத்திறனாளி உதவித்தொகைகளுக்கு, ஓகேயு எனப்படும் மாற்றுத்திறனாளி அட்டைதான் முதல் படி. ஆனால் அட்டையில் இருப்பது 'கற்றல் குறைபாடு' என்ற பிரிவு மட்டுமே. பிள்ளைக்கு எவ்வளவு துணை தேவை என்பதை நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

டாக்டரிடம் போகும் முன் ஒரு வாரம் நோட்டில் எழுதுங்கள். சாப்பாடு, குளியல், கழிப்பறை, உடை, மருந்து, தூக்கம், சாலை கடப்பது, காசு கையாள்வது என்று ஒவ்வொன்றுக்கும் மூன்று விவரம் வேண்டும்: எத்தனை தடவை உதவுகிறீர்கள், எவ்வளவு நேரம், என்ன விதமான உதவி. வாயால் நினைவூட்டுவது வேறு, கைபிடித்துச் செய்விப்பது வேறு, முழுக்க நீங்களே செய்வது வேறு. 2004-இல் அமெரிக்காவில் வெளிவந்த 'சப்போர்ட்ஸ் இன்டென்சிட்டி ஸ்கேல்' என்ற அளவுகோலும் தடவை, நேரம், விதம் என்ற மூன்றையே கேட்கிறது. மோசமான நாளையும் மறைக்காமல் எழுதுங்கள்.

பதிவுப் படிவத்தில் டாக்டரின் உறுதிப்படுத்தல் வேண்டும். பிறகு அதை ஜொகூர் பாரு மாவட்ட சமூகநல அலுவலகத்தில் கொடுக்கலாம். எஸ்எம்ஓகேயு இணையத்தளம் வழியாகவும் விண்ணப்பிக்கலாம். கொடுக்கும் ஒவ்வொரு தாளுக்கும் நகல் வைத்துக்கொள்ளுங்கள். 'பொது வளர்ச்சித் தாமதம்' என்று பதிந்த குழந்தைக்கு 3 வயதுக்குமேல் அந்தப் பெயர் பொருந்தாது, மறுமதிப்பீடு கேளுங்கள்.

அதிகம் பேர் சறுக்குவது 18 வயதில்தான். சிறப்புக் கல்வி மாணவருக்குக் கல்வியமைச்சு தரும் மாதம் 150 வெள்ளி பள்ளியோடு நின்றுவிடும். வேலை செய்ய இயலாத, 18 முதல் 59 வயது வரையிலான மாற்றுத்திறனாளிக்குத் தனி உதவி உண்டு; 2021 பட்ஜெட் அதை 300 வெள்ளியாக உயர்த்தியது. அது தானாக வராது! அட்டை இருந்தாலும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். குடும்ப வருமானத்தையும் பார்ப்பார்கள். 17 வயதிலேயே டாக்டர் அறிக்கையைப் புதுப்பித்துத் தயாராக இருங்கள். திரும்பவும் சொல்கிறேன், அந்த உதவி தானாக வராது.

முகப்பில் "தகுதி இல்லை" என்று வாய்மொழியாகச் சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். 2008 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் தண்டனைப் பிரிவு இல்லை; 41-ஆம் பிரிவோ அரசாங்கத்தை வழக்கிலிருந்து காப்பாற்றுகிறது. அதனால்தான் "அப்புறம் வாங்க" என்பது சில அதிகாரிகளுக்கு இவ்வளவு சுலபமாக வருகிறது. நிராகரிப்பையும் காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள். அதோடு நோட்டின் நகலையும் டாக்டர் அறிக்கையையும் இணைத்து மேல்முறையீட்டுக் கடிதம் கொடுங்கள். உங்கள் நகலில் பெற்றுக்கொண்ட முத்திரையும் தேதியும் விழும்வரை முகப்பை விட்டு நகராதீர்கள்.