உங்களுக்குத் தெரியுமா? தாவும் அலைவரிசை

கம்பியில்லா ரேடியோ மோடம்கள் ஒரே அலைவரிசையில் நிலைத்திராமல், அனுப்பும் கருவியும் பெறும் கருவியும் முன்பே ஒப்புக்கொண்ட வரிசைப்படி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறிக்கொண்டே தரவைக் கடத்துவது 'அலைவரிசைத் தாவல்' எனப்படும். ஓர் அலைவரிசையில் இரைச்சல் மிகுந்தாலும், அங்கே சிதைந்த துண்டை மட்டும் அடுத்த தாவலில் மீண்டும் அனுப்பிவிடலாம் என்பதே இதன் பயன்.

இந்த வரிசையை முடிவுசெய்வது பெரும்பாலும் ஒரு சாதாரண எண்தான். ஆளில்லா விமானங்களில் பயன்படும் எஸ்ஐகே வகை ரேடியோக்களில் 'நெட் ஐடி' என்னும் எண்ணிலிருந்தே தாவும் வரிசை பிறக்கிறது. ஆகவே, தொடக்க மதிப்பான 25-ஐ மாற்றாமல் ஒரே திடலில் இரண்டு ரேடியோ இணைகளை இயக்கினால், அவை ஒன்றன் பேச்சில் மற்றொன்று குறுக்கிடக்கூடும். வேறு சில மோடம்களில் தாவும் வரிசைக்கு ஓர் எண்ணும் முகவரிக்கு மற்றோர் எண்ணும் தனித்தனியே அமைக்கப்படுகின்றன: முன்னது தெருவின் பெயர் என்றால், பின்னது கதவிலக்கம். தெருவே தவறினால் கதவிலக்கம் சரியாக இருந்தும் பயனில்லை. தொடக்ககாலப் புளூடூத்திலோ முதன்மைக் கருவியின் 48 பிட் முகவரியும் அதன் கடிகாரமும் சேர்ந்து, 79 தடங்களில் நொடிக்கு 1,600 தாவல்களை வகுக்கின்றன.

ஹாலிவுட் நடிகை ஹெடி லமாரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆந்தைலும் நீர்மூழ்கிக் குண்டுகளை இயக்குவதற்காக 1942-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற தாவல் முறையில், பியானோவின் கட்டைகளைப் போலவே 88 அலைவரிசைகள் வரை பயன்படுத்த இடமிருந்தது.